எல்லா எண்ணெயும் எண்ணெய் இல்ல

எங்க வீட்ல எது கிறீச்சுன்னு சத்தம் போட்டாலும் ஒரே வைத்தியம்தான். தேங்காய் எண்ணெய். கதவுக் கீல், தையல் மெஷின், தாத்தாவோட மடக்குக் கத்தி, எல்லாத்துக்கும் அதே பாட்டில். நான் படிக்கிறது பி.காம்தாங்க. ஆனா போன மாசம் பூரா படிச்சது எண்ணெய் பத்தி. காரணம் அந்தக் கத்தி.

1949ல டிஐ சைக்கிள்ஸ் வந்ததுலேர்ந்தே அம்பத்தூர் இரும்பு வாசனைக்குப் பழகின ஊர். தாத்தாவும் எஸ்டேட்ல ஒரு சின்னப் பட்டறையில ஃபிட்டரா இருந்தவர். சாயங்காலம் ஒரு கொய்யாவை தன் கத்தியால தானே நறுக்கித்தான் சாப்பிடுவார். ரெண்டு வருஷமா விரல் மூட்டுல வலி. கத்தியும் இறுகிப் போச்சு. நகத்தால ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டு, "நீயே நறுக்கிக் குடு கண்ணு"ன்னார். ஆயுசு பூரா இரும்போட மல்லுக்கட்டின மனுஷன், ஒரு கொய்யாக்காய்க்கு அடுத்தவங்க கையைப் பார்க்கணுமான்னு இருந்துச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். தேங்காய் எண்ணெய் சுமார் 25 டிகிரிக்குக் கீழ உறைய ஆரம்பிச்சிடும். மார்கழி காலைல பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். நாள்பட்டா சிக்கு வாடை வரும். அப்ப உண்டாகிற அமிலம் கத்திக்குள்ள இருக்கிற பித்தளைத் தகட்டைப் பச்சையாக்கும். நம்ம ரோட்டுத் தூசி வேற ஒட்டிக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம். காத்தோட சேர்ந்து பிசினாயிடும். அடுப்படிச் சுவத்துல பிசுபிசுன்னு ஒரு படலம் இருக்கே, அதான்.

அப்ப பெரியவங்க முட்டாளா? இல்லவே இல்ல. மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய்ல வைக்கோல் கரியைக் குழைச்சு மை போட்டாங்க. 1909ல இங்கிலாந்துல வந்த காஸ்ட்ரால் எண்ணெய்க்குப் பேர் வந்ததே ஆமணக்கோட ஆங்கிலப் பேர்லேர்ந்துதான். ஆனா அச்சுல இருக்கிற இடைவெளி பெருசு, பாரமும் பெருசு. அதுக்குக் கெட்டி எண்ணெய் சரி. கத்தியோட ஆணிக்கிட்ட முடி அளவு இடைவெளிதான். அங்க மெல்லிசா இருக்கணும்.

நண்பர்கள் எல்லாரும் சொன்னது டபிள்யூடி-40. அந்தப் பேருக்கு அர்த்தமே தண்ணியை விரட்டுறதுக்கான 40வது கலவைங்கிறதுதான். 1953ல அமெரிக்காவுல சான் டியாகோவுல கண்டுபிடிச்சது. அழுக்கையும் துருவையும் இளக்க அருமையான சாமான். ஆனா அதுல பெரும்பங்கு ஆவியாயிடும், மிஞ்சுறது ரொம்ப லேசான படலம். பழம் நறுக்குற கத்திக்கு வேண்டவே வேண்டாம்.

நான் செஞ்சது இதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணி, பழைய டூத் பிரஷ். அப்புறம் நல்லா துடைச்சு வெயில்ல காய வெச்சேன். ஈரம் இருந்தா எண்ணெய் விட்டும் பிரயோஜனமில்ல. அப்புறம் ஆணிக்கிட்ட ஒரே ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெயும் மெல்லிசுதான், பிசினாகாது. ஆனா வயித்துக்குள்ள போகக் கூடாது. அதனால மெடிக்கல் ஷாப்ல மலச்சிக்கலுக்குக் குடுக்குற லிக்விட் பாரஃபின் வாங்கினேன். அதுவும் அதே வகை எண்ணெய்தான், உள்ளுக்குக் குடிக்கிற அளவுக்குச் சுத்தம் பண்ணினது. (கடைக்காரர் என்னைப் பாவமாப் பார்த்தார்!) இருபது தடவை திறந்து மூடினா கறுப்பா அழுக்கு வரும். துடைச்சிட்டு மறுபடி ஒரு சொட்டு. துணி சுத்தமா வர்ற வரைக்கும் இப்படியே.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. எண்ணெய் உராய்வைத்தான் குறைக்கும், முதுகுல இருக்கிற ஸ்பிரிங்கோட இழுப்பைக் குறைக்காது. குறைக்கவும் கூடாது, விரல் மேலயே மடங்கிடும். அதனால வலி இல்லாத நாள்ல தாத்தா தானே திறக்கிறார். வலி இருக்கிற நாள்ல என்கிட்ட நீட்டுறார். அதுக்கு எந்தக் கடையிலயும் எண்ணெய் இல்ல.

அப்புறம், கதவுப் பூட்டுக்கு எண்ணெயே வேண்டாங்க. சாவி மேல பென்சிலால நல்லா தேய்ச்சு ரெண்டு தடவை திருப்பிப் பாருங்க. கிராஃபைட்டுல தூசி ஒட்டாது.