அச்சில் சுற்றிய ஒரு முடி

எஞ்சினை மல்லாத்திப் போட்டிருந்தார்கள். ஸ்பாஞ்சுத் தொட்டிலில் சக்கரங்கள் மேலே பார்த்துக் கிடந்தன. “அச்சைப் பாருங்கள்” என்று உருப்பெருக்கிக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார் பழுதுபார்ப்பவர். கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த யாரோ ஒருவரின் தலைமுடி.

ஹாம்பர்க்கின் பழைய துறைமுகக் கிடங்குப் பகுதியில், செங்கல் கட்டடம் ஒன்றின் மாடிகளில் இருக்கிறது மினியேட்டூர் வுண்டர்லாண்ட் என்னும் மாதிரி ரயில் காட்சியகம். ஃப்ரெடெரிக், கெரிட் பிரவுன் என்னும் இரட்டையர் 2001-இல் திறந்தது. எல்லாம் 87-இல் ஒரு பங்கு அளவு. ஐந்தரை அடி ஆள் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவார். தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அந்தத் தண்டவாளம் வழியாகத்தான் சக்கரத்துக்கு மின்சாரம் ஏற வேண்டும். கொஞ்சம் அழுக்கு படிந்தாலும் வண்டி திக்கித் திணறி நின்றுவிடும். ஆயிரம் ரயில்களுக்கு மேல் இருக்கும் இடத்தில் துடைப்பதே ஒரு முழுநேர வேலை.

மாதிரி ரயில்காரர்கள் கூடினால் ஒரே புலம்பல்தான்: நரைத்த தலைகளே மிஞ்சுகின்றன, சின்னவர்கள் வருவதில்லை. ஏன் வருவார்கள்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்கு என் தங்கை மகனை அழைத்துப் போயிருந்தேன். அருமையான வேலைப்பாடு. ஆனால் மேசைக்கு மேசை ‘தொடாதே’ பலகை. அவன் கேட்ட கேள்விக்கு எஞ்சினின் வரிசை எண்ணைப் பதிலாகச் சொன்னார் ஒருவர். பத்தே நிமிடத்தில், “மாமா, போலாமா?” எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

வுண்டர்லாண்டிலோ திரும்பின இடமெல்லாம் பொத்தான். சுவிட்சர்லாந்துப் பகுதியில் ஒன்றை அழுத்தினால் குட்டித் தொழிற்சாலை இயங்கி, நிஜமான சாக்லேட் ஒன்றைத் தருகிறது. கால் மணிக்கு ஒருமுறை பொழுது சாய்கிறது; ஜன்னல்களில் விளக்கு ஏறுகிறது. ஆறு வயதிருக்கும் ஒரு சிறுமி ரயிலைத் திரும்பியே பார்க்கவில்லை. தீயணைப்பு வண்டிகள் எப்படித் தாமாகத் திரும்புகின்றன என்று குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாலைக்கு அடியில் மெல்லிய எஃகுக் கம்பி, முன்சக்கரத்தருகே காந்தம். கம்பி போகும் வழியில் வண்டி போகும். அதைச் சொன்னதும், “அப்போ ரயில் எப்படி ஓடுது?” என்று அப்பாவிடம் திரும்பினாள். நான் பார்க்க வந்தது அந்த ஒரு கேள்வியைத்தான்.

ஆனால் இவ்வளவு பெரிதைக் கண்டால், நம்மால் ஆகாது என்று தோன்றிவிடுகிற ஆபத்தும் உண்டு. ஐரோப்பாவில் 1981 முதல் இயங்கும் ஃப்ரெமோ என்னும் மாதிரி ரயில் ஆர்வலர் அமைப்பின் வழி எனக்குப் பிடித்தது. தண்டவாளம் பதித்த பலகை ஆளுக்கொன்று. முனைகளின் அளவு மட்டும் பொது. நடுவில் வயலோ பாலமோ அவரவர் விருப்பம். கூடும் நாளில் பலகைகளைக் கோத்தால் நீண்ட பாதை. வாடகை வீட்டுக் கட்டிலடியில் ஒரு பலகைக்கு இடமிருக்காதா? புதியவரின் ஒற்றைப் பலகை மேலும் ஊரார் ரயிலெல்லாம் ஓடும்.

பழுதுபார்ப்பவர் இடுக்கியை என்னிடம் நீட்டினார். “இழுக்காதீர்கள், சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள், தானே அவிழும்.” இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை முனை அகப்பட்டது. சுற்றச் சுற்ற முழம் நீளத்துக்கு வந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் சக்கரங்களைத் துடைத்து, சோதனைத் தண்டவாளத்தில் வைத்தேன். ஒரு கணம் அசையவில்லை. அப்புறம் முகப்பு விளக்கு எரிய, புறப்பட்டுப் போனது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தொட்டிலை என் முன்னால் நகர்த்தி வைத்தார்.