வாசலுக்கு வந்த பல்கலைக்கழகம்

இலங்கையின் கிழக்குக் கரைக்கு ஒரு முறை போய் வருவோம், வாருங்கள்.

மட்டக்களப்பில் பஸ் ஏறித் தெற்கே வந்தால் இடப்புறம் கடல், வலப்புறம் நெல் வயல். கைத்தறிக்குப் பேர் போன மருதமுனையைத் தாண்டினால் கல்முனை. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் கொடியேற்றம் நடக்கும் கடற்கரைப் பள்ளி இங்கேதான் இருக்கிறது. அடுத்து சாய்ந்தமருது, சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. காரைதீவு தமிழர்களின் ஊர். மற்றவை பெரும்பாலும் நம்மவர்கள் வாழும் ஊர்கள். பல இடங்களில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே திருமணம் செய்கிறார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். 'குடி' என்னும் வம்ச வழியும் தாய் வழியாகவே வருகிறது. காயல்பட்டினத்து, கீழக்கரைச் சகோதரிகளுக்கு இது புதிதாக இராது. இந்த வழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மகளின் வீட்டுக்காகத் தகப்பன் கடனாளியாகிறார். அண்ணன் வளைகுடாவுக்குப் போகிறான். சில வீடுகளில் தாயே பணிப்பெண்ணாக அரபு நாட்டுக்கு விமானம் ஏறுகிறாள்.

தாய் வீட்டுக்கு அருகிலேயே வாழ்ந்து பழகிய பெண்ணை வெகுதூரம் அனுப்பிப் படிக்க வைக்கப் பெற்றோர் தயங்கினார்கள். உயர்ந்த மார்க்கக் கல்வியோ தொலைவில் இருந்தது. 1973-ல் நளீம் ஹாஜியார் பேருவளையில் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கக் கல்வியையும் நவீனக் கல்வியையும் சேர்த்துத் தந்த அருமையான தனியார் கலாபீடம். ஆனால் அது தீவின் மறுகரையில் இருக்கிறது, ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. இந்தக் கரையில் அட்டாளைச்சேனை கிழக்கிலங்கை அரபுக் கல்லூரி போன்ற மத்ரசாக்கள் ஆலிம்களை உருவாக்கின. பெண்களுக்கும் அரபுக் கல்லூரிகள் வந்தன. ஆயினும் அங்கே ஓதி முடித்தவளுக்கு மேற்கொண்டு போகப் பக்கத்தில் பல்கலைக்கழகம் இல்லை.

யுத்தம் வந்து இருந்த வழியையும் அடைத்தது. கிழக்குப் பல்கலைக்கழகம் மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையில் இருந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, அந்தப் பாதையில் பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இந்த நிலையில்தான் சம்மாந்துறையில் பிறந்தவரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சி பலித்தது. 1995 அக்டோபரில் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1996 மே மாதத்தில் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. அஷ்ரஃப் அவர்கள் 2000 செப்டம்பர் 16-ல் ஹெலிகாப்டர் விபத்தில் மறைந்தார்கள். அவர்கள் நட்ட மரம் வளர்ந்தது. கலை, வணிகம், விஞ்ஞானம், பொறியியல் ஆகியவற்றோடு இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே அமைந்தது. இது அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் பட்டப்படிப்பு இலவசம். சிங்கள, தமிழ் மாணவர்களும் இங்கே படிக்கிறார்கள்.

மத்ரசாவில் ஓதிய பெண், உயர்தரப் பரீட்சை எழுதித் தேறினால் தன் ஊரிலிருந்தே பஸ்ஸில் போய்ப் பட்டம் பெறலாம். மௌலவியா என்ற பெயரும் பட்டதாரி என்ற பெயரும் ஒருத்தியிடமே சேரலாம்.

படித்த பெண் ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கரையே பதில் சொல்லும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பெண்களின் பெயரில் இருந்த எத்தனையோ சீதன வீடுகளைக் கடல் கொண்டுபோனது. அவற்றுக்குப் பதிலாக அரசாங்கம் வீடும் காணியும் கொடுத்தபோது, 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரில் பத்திரம் எழுதப்பட்ட இடங்கள் உண்டு. தாய் வழி வந்த சொத்து ஒரு கையெழுத்தில் கை மாறியது! பெண்ணின் சொத்து பெண்ணுக்கே என்று மார்க்கம் கொடுத்த உரிமையை, அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று சொல்ல அன்று எத்தனை பேர் இருந்தார்கள்?

இன்னொன்றும் உண்டு. இலங்கையின் 1951-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஆண்களை மட்டுமே காதியாக நியமிக்கச் சொன்னது. சீர்திருத்தம் பற்றி ஆராய 2009-ல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு அமைந்தது. 2018-ல் அறிக்கை வந்தபோது பெண் காதி விஷயத்தில் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். தலாக்கும் ஜீவனாம்சமும் பிள்ளைப் பராமரிப்பும் பேசப்படும் இடத்தில், ஃபிக்ஹு படித்துப் பட்டம் பெற்ற பெண்ணின் சொல்லுக்கு என்ன இடம் என்ற கேள்வியை ஒலுவிலில் படித்த பிள்ளைகள் இனியும் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

சகோதரிகளே, மகளுக்கு வீடு கட்டச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை அவள் படிப்புக்கென்று முதலில் எடுத்து வையுங்கள். அவள் பெயரில் வீடு இருந்தால் அதன் பத்திரத்தை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். தன் உரிமையைத் தானே வாசித்து அறியும் பிள்ளையை ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல.