இறம்பொடை மூடுபனியில் ஒரு மொறிஸ் மைனர்

இறம்பொடையில் காருக்குப் பெயின்ட் அடிக்கிறவர் காலையில் எழுந்ததும் வானத்தைத்தான் பார்க்கிறார். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் இருக்கிறது ஊர். ஒரு பக்கம் 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவி, இன்னொரு பக்கம் கீழே கொத்மலை நீர்த்தேக்கம். ஈரமில்லாத பொழுது இங்கே குறைவு. தை, மாசி மாதங்களில் மட்டும் காலை வேளைகள் ஓரளவு காய்ந்து கிடக்கும். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் வர்ண வேலையை அந்த மாதங்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள். சித்திரை பிறந்தால் நுவரெலியாவில் வசந்தகாலம். மகாகஸ்தொட்டையில் மோட்டார் வாகன மலையேற்றப் பந்தயம் நடக்கும், வீதியெங்கும் கொழும்பு வாகனங்கள் நிறைந்துவிடும். அதற்குள் கார் வெளியே வந்தாக வேண்டும்.

நான் பார்க்கப் போனது ஒரு மொறிஸ் மைனர் 1000. வீதியோர வீடொன்றின் பக்கவாட்டில், தகரம் வேய்ந்த கொட்டகையில் நின்றது. கதவுகள் கழற்றப்பட்டுச் சுவரில் சாத்தியிருந்தன. ஆசனங்கள் வீட்டு விறாந்தையில் கிடந்தன. சொந்தக்காரர் தோட்டப் பாடசாலை ஆசிரியர். அவருடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் இது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போனபோது, பங்களாக்களில் நின்ற ஒஸ்டினும் ஹில்மனும் மொறிஸும் கிளாக்கர்மார், கடை முதலாளிமார் கைகளுக்கு இறங்கி வந்த கதையை அவர் அப்பாவிடம் கேட்டு வளர்ந்தவர்.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் அவரே வடிவமைத்தார். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் அறிமுகமானது. உற்பத்தியில் பத்து லட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். 1956இல் 948 சி.சி. இயந்திரமும் ஒரே கண்ணாடியிலான முன்புறமும் வந்தபோது ‘1000’ என்ற பெயரும் சேர்ந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதன் உறவு புதிதல்ல. அவர்களுடைய அம்பாசடர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்ற காரின் மறுபிறப்பு. ஆனால் மலையகத்தில் நின்றுகொண்டு 1948 என்று சொல்லும்போது எனக்குக் காரை விட முந்தி நினைவுக்கு வருவது இலங்கைக் குடியுரிமைச் சட்டம். அந்த ஆண்டில்தான் அது வந்தது, மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. துரைமாரின் மைனரைக் கழுவித் துடைத்து, அதன் அடியில் படுத்துப் பழுது பார்த்த டிரைவர்களும் பட்டறைக்காரர்களும் அந்தச் சட்டத்தின் கீழேதான் வாழ்ந்தார்கள்.

அப்படியொரு தோட்டப் பட்டறைக்காரரின் மகன்தான் இந்தக் கொட்டகையின் பெயின்ட் பாஸ். அறுபது வயதைத் தாண்டியவர். சின்ன வயதில் அப்பாவோடு போய்த் துரையின் ஜீப்புக்குத் துருத் தேய்த்ததில் தொடங்கிய தொழில். அவருக்கென்று கராஜ் இல்லை. தேய்ப்புக் கட்டைகள், ஸ்ப்ரே கன், இரண்டு சாக்குப் பை. இவற்றோடு கார் இருக்கும் வீட்டுக்கே போய்விடுகிறார். ஏன் சொந்தமாக ஓர் இடம் போடவில்லை என்று கேட்டேன்.

“எங்க போடுறது தம்பி? லயத்துக் காம்பராவுல கம்பிரசர வைக்க முடியுமா? நெலம் தோட்டத்துது. ரெண்டு தகரம் நட்டாக்கூட தொர ஆபீஸ்ல கூப்புடுவாங்க.”

வீட்டுக் கராஜ் என்றால் வெளிநாட்டில் கார்ப் பிரியர் ஒருவர் தன் ஓய்வு நாளில் ஆசைக்குச் செய்யும் வேலை. இங்கே அது அப்படியல்ல. வேலை தெரிந்தவருக்கு இடமில்லை, ஆகவே இடமுள்ளவர் வீட்டுக்கு வேலை வருகிறது. 200 ஆண்டுகளாகத் தீராத காணிப் பிரச்சினை ஒரு காரின் வர்ணம் வரைக்கும் வந்து நிற்கிறது.

டிங்கரிங் வேலை நான் போகும் முன்பே முடிந்திருந்தது. செய்தவர் கொத்மலைப் பக்கத்துச் சிங்களவர், பெயின்ட் பாஸின் நெடுநாள் கூட்டாளி. மைனருக்குத் தனிச் செசி கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளும் தரையுமே பாரத்தைத் தாங்குகின்றன. ஈர ஊரில் முதலில் துருப்பிடிப்பவையும் அவைதாம். பழைய தகட்டை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி ஒட்டி, உடல் தொய்யாமல் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். இதைச் செய்யாமல் வெட்டிய கார்களில் கதவு மறுபடி ஒருபோதும் ஒழுங்காகச் சாத்தாது. வாங்க வருகிறவர்களுக்கு அவர் தந்த யோசனை எளிது: துணி சுற்றிய காந்தமொன்றைக் கையில் எடுத்துப் போங்கள். அது பிடிக்காத இடத்தில் இரும்பு இல்லை, ஃபில்லர்தான் இருக்கிறது.

பெயின்ட் பாஸின் வேலை கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. பின்பக்க மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு வோட்டர் பேப்பரால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். மேலே சிவப்பு. அதற்கடியில் வெள்ளை, பிறகு ஒரு பிரைமர், பிறகு இன்னொரு வெள்ளை. கடைசியாக, தகட்டை ஒட்டி, ஒரு வெளிறிய பச்சை. வளையம் வளையமாகக் காரின் வரலாறு முழுவதும் அங்கே தெரிந்தது. டாஷ்போர்டின் உட்புறத்தில், வெயிலே படாத மூலையிலும் அதே பச்சை. ஆசிரியர் அதையே அடிக்கச் சொல்லிவிட்டார். சிவப்பு அடித்தால் விலை கூடும் என்று சொன்னவர்களுக்கு அவர் செவி கொடுக்கவில்லை. அந்த முடிவை நான் மனதார மெச்சுகிறேன்.

பழைய வர்ணத்தை எப்போதும் தண்ணீர் விட்டே தேய்க்கிறார்கள். அந்தக் காலத்து வர்ணங்களிலும் பிரைமர்களிலும் ஈயம் இருந்தது, காய்ந்து தூசாகப் பறந்தால் மூச்சோடு உள்ளே போகும். ஆனால் ஃபில்லர் வைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே என்ன பளபளப்பு ஏற்றினாலும் ஆறு மாதத்தில் கொப்புளம் போடும். ஒரே காரில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு விதிகள். பிரைமரையும் சும்மா விட்டுவைக்க முடியாது. அதன் நுண்துளைகள் வழியே பனி இறங்கும், வெளியே தெரியாமல் உள்ளே துரு எழும்பும். “பிரைமர் அடிச்சா அந்த வாரமே மேல மூடிப்புடணும்” என்பது பாஸின் கண்டிப்பு.

இந்தக் காருக்கு அவர் எடுத்தது பழைய முறையிலான செலுலோஸ் வர்ணம். தின்னர் ஆவியாகிப் போவதால் காய்வது அது. ஆவியாகும்போது தகடு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல வர்ணம் வெளுத்துப் பூத்துவிடும். கொழும்பு மழைக்காலத்திலும் இது வரும், இறம்பொடையில் எந்த நாளும் வரலாம். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்தால் ஓரளவு தப்பலாம். பாஸ் அதோடு நிற்பதில்லை. முதலில் கம்பிரசர் தாங்கியின் அடி வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடிக்கிறார். தூசி அடங்கத் தரையில் நீர் தெளிக்க வேண்டும், ஆனால் அந்த நீரே ஆவியாய் எழும்பினால் வர்ணத்துக்கு ஆகாது. ஆகவே முதல்நாள் மாலையே தெளித்துவிடுகிறார். பிறகு கூரைத் தகரம் சூடேறும் வரை ஒரு பிளேன்டீயோடு காத்திருக்கிறார். போனட்டில் புறங்கையை வைத்துப் பார்த்து, குளிர்ச்சி விட்டதென்று தோன்றிய பிறகே ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தார். நண்பகலுக்குள் நிறுத்தியும் விட்டார். வானம் அப்போதும் நீலமாகத்தான் இருந்தது. இன்னொரு பூச்சு அடிக்கலாமே என்று ஆசிரியர் சொல்லியும் கேட்கவில்லை. பிற்பகலில் மலைமுகட்டிலிருந்து பனி இறங்கியது.

நிறக் கலவைக்கு அவர் கடையின் கணினியை நம்பியிருக்கவில்லை. தகரத் துண்டுகளில் அடித்து, காய வைத்து, டாஷ்போர்டின் உள்மூலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். டியூப் லைட்டில் பார்த்ததை வெளியே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்திலும் பார்த்தார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம் என்பதால் அவசரப்படுகிறவருக்கு இது கைகூடாது.

எண் தகடு தனியாக ஒரு துணியில் சுற்றியிருந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து, நடுவில் சிங்கள ஸ்ரீ. 1957 ஜனவரியில் அந்த எழுத்து வாகனங்களில் ஏறியது. தமிழர்கள் அதன்மேல் தார் பூசினார்கள், அந்தப் போராட்டம் 1958இல் மலையகத்தையும் தொட்டது, அதே ஆண்டில் இனக்கலவரமும் வெடித்தது. அந்த எழுத்தைத் தூரிகையால் புதுப்பிக்கப் போகிற பாஸ் ஒரு தமிழர். அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். “வண்டிக்கு என்ன எழுத்தோ அது சுத்தமா இருக்கணும்” என்றார். அவர் அப்பா காலத்துப் பயங்களைப் பற்றிப் பிறகு வெகுநேரம் பேசினார். அவை இந்தக் கட்டுரையில் எழுதுவதற்காகச் சொன்னவை அல்ல.

உள்வேலைக்குக் கம்பளையிலிருந்து குஷன் நானா வந்திருந்தார். பழைய ஆசன உறையைக் கிழிக்காமல் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்த ஒவ்வொரு துண்டும்தான் புதியதற்கு அளவு. கிழித்தால் அளவு போய்விடும். உள்ளே துருப்பிடித்த சுருள்கம்பி, அதன்மேல் சாக்கு, அதன்மேல் றப்பர்ப் பால் பூசிய தும்பு மெத்தை. தும்பைக் கையில் எடுத்தால் பொடியாக உதிர்ந்தது. புதிய தும்பு மெத்தை வாங்கி வந்திருந்தார். ஸ்பொஞ்ச் மலிவுதானே என்றேன். ஸ்பொஞ்ச் இந்த ஊரில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும், தும்பு மெத்தைக்குள் காற்று ஓடும் என்றார். தென்னையும் றப்பரும் விளையும் நாட்டில் இதைவிடப் பொருத்தமான பொருள் வேறு எது?

அடியில் பஞ்சு வைத்த கம்பளத்தைக் காரின் தரைக்குப் போடவும் அவர் மறுத்துவிட்டார். சப்பாத்தில் வரும் மழைநீர் அதில் தங்கி, தரைத் தகட்டை மேலிருந்து அரித்துவிடும். தூக்கி உலர்த்தக்கூடிய றப்பர் விரிப்புத்தான் என்று முடிவாயிற்று. கதவின் உட்பலகைகள் ஹார்ட்போர்ட், ஈரத்தில் வளைந்து போயிருந்தன. புதியவற்றை வெட்டி, ரெக்சின் ஒட்டும் முன் பின்பக்கத்துக்கு வார்னிஷ் அடித்தார். யார் கண்ணிலும் படாத பக்கம் அது.

இங்கிலாந்தில் பாத் நகரத்தில் மொறிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர், 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். புதுக் கார் வாங்குவதைவிட, நல்ல பழைய காரைத் தொடர்ந்து புதுப்பித்து ஓட்டுவதே சிக்கனம் என்பது அவருடைய வாதம். 1990களில் மைனருக்கான உடற்தகடுகளை அவர் இலங்கையில் செய்வித்து அங்கே கொண்டுபோனார். ஆங்கிலேயர் செய்த காருக்கு இலங்கைக் கைகள் உறுப்புச் செய்து அனுப்பின. வேர் சிக்கனம் என்று சொன்னது இங்கே கட்டாயமாகிய காலமும் வந்தது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த வருடங்களில் பழைய கார் ஒவ்வொன்றும் ஓடியாக வேண்டியிருந்தது. அவற்றை ஓட வைத்த கைகளின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இப்போது பெரும்பாலானோர் கேட்பது ஹார்டனர் கலந்த வர்ணம். பளபளப்பும் உறுதியும் கூடுதல். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைப் பாதித்து நிரந்தர ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. மணத்தை வைத்து ஆபத்தை உணர முடியாது. வாயில் கட்டும் துணியோ காகித முகமூடியோ அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய்வழி தரும் முகமூடி வேண்டும். வீட்டுக் கொட்டகைகளில் நான் அதைக் கண்டதில்லை. பாஸ் செலுலோஸை விடாமல் பிடித்திருப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல, உடன் வேலை பார்த்த ஒருவர் இருமி இருமி வேலையை விட்டதைப் பார்த்தவர் அவர். செலுலோஸ் தின்னரும் மூச்சுக்கு நல்லதல்ல. அதற்கும் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

பழைய கார் வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வர்ணத்துக்கும் ரெக்சினுக்கும் பேரம் பேசாமல் கொடுக்கும் நீங்கள், அந்த முகமூடிக்கான பணத்தையும் கணக்கில் சேருங்கள். மழை வந்து வேலை நின்ற நாளுக்கும் கூலி கொடுங்கள், அந்தக் காத்திருப்பில்தான் உங்கள் காரின் வர்ணம் தப்புகிறது. அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டா, பள்ளிச் சான்றிதழ் இல்லாதவருக்கும் செய்து பழகிய வேலையை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையை வழங்குகிறது. உங்கள் பாஸுக்கு அதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் காரின் கோப்பில் டிங்கரிங் யார், பெயின்ட் யார், குஷன் யார் என்று மூன்று பெயரையும் எழுதி வையுங்கள்.