கூழுக்கு அங்கே என்ன பெயர்?

அன்னிய பாஷை படிக்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாக வணக்கம், நன்றி, விலை என்ன என்றுதான் ஆரம்பிப்பார்கள். ராசிபுரத்தில் இருக்கும் என் தமக்கை, ஐம்பத்திரண்டு வயதில், லாட்விய பாஷையை ருசியிலிருந்து ஆரம்பித்தாள். பாஷையின் மேல் கொண்ட மோகமல்ல. அவள் மகன் ரீகா நகரத்தில் படிக்கிறான். பால்டிக் கடலோரத்துச் சின்ன தேசம் அது. 1991 வரை சோவியத் யூனியனில் இருந்தது. இன்று நம் நாட்டுப் பிள்ளைகள் அங்கே கணிசமாகப் படிக்கிறார்கள்.

தினமும் டெலிபோனில், "சாப்ட்டியா கண்ணு?" என்பாள். "சாப்ட்டேம்மா" என்பான். என்ன சாப்பிட்டான், வாய்க்குப் பிடித்ததா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துவிடும். அதைத் தோண்டி எடுக்கத்தான் இந்தப் படிப்பு.

அவன் அனுப்பிய படமொன்றில், ரொட்டி சுற்றிய உறைமேல் ஆங்கில எழுத்தில் 'மெய்ஸ்' என்று வாசிக்கும்படி ஏதோ அச்சடித்திருந்தது. கோழிப் பண்ணை வைத்திருக்கும் மச்சான் பதறிப்போனார். நாமக்கல் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்: மக்காச்சோளம், கோழித் தீவனம். "பணத்தைக் கட்டி அனுப்பினா, பையனுக்குத் தீவனமா போடறாங்க?" என்றார். அதை 'மைஸெ' என்று படிக்க வேண்டுமாம். ரொட்டி என்று பொருளாம். ரை என்ற தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டி அங்கே வெகு பிரசித்தம்.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அக்கா வார்த்தைகளைச் சேர்த்தாள். சல்ட்ஸ், இனிப்பு. ஸ்காப்ஸ், புளிப்பு. ரூக்ட்ஸ், கசப்பு. உறைப்புக்கு, கத்தியின் கூர்மையைச் சொல்லும் சொல்லையே சொல்கிறார்கள். தேன், மெதுஸ். சமஸ்கிருத 'மது'வுக்கு இது தூரத்து உறவு. அவர்களிடம் அது இன்னும் தேனாகவே இருக்கிறது. நம்மிடம் கடைப் பலகைக்குப் போய்விட்டது.

அவளை உண்மையில் சந்தோஷப்படுத்திய வார்த்தை 'ஸ்காப்புட்ரா'. புளித்த கஞ்சி என்று அர்த்தம். வாற்கோதுமை நொய்யை வேகவைத்து, மோர் விட்டுப் புளிக்கவைத்து, ஆறவிட்டுக் குடிப்பது. அந்நாட்டின் மேற்குப் பக்கத்துக் குடியானவர்களின் பழைய ஆகாரம். "அட, நம்ம கம்மங்கூழு!" என்றாள். கடித்துக்கொள்ள வெங்காயம் உண்டா என்று மட்டும் கவலை.

மார்கழியில் ஒரு நாள், "சாப்ட்டேம்மா" என்று அவன் சொன்னதும், நோட்டைப் பார்த்து, "கர்ஷீகி?" என்று கேட்டாள். ருசியாக இருந்ததா என்று அர்த்தம். எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்புறம் தமிழில், "இல்லம்மா" என்றான். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினான். நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது என்றான். ஒருத்தனுக்காக அடுப்புப் பற்ற வைக்க மனசு வரவில்லை, பாதி நாள் ராத்திரிக்கு ரொட்டியும் பாலும்தான் என்றான். ஆறு மாதமாக இதில் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

இப்போது கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் இடித்துத் தயாராக இருக்கின்றன. மோர்மிளகாயைச் சுங்கத்தில் விடுவார்களா என்று மச்சான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.