மர்ரோவுக்கே மறுப்பு

1954 மார்ச் 9 அன்று நியூயார்க் டைம்ஸில் ஒரு விளம்பரம் வந்தது. இன்றிரவு தொலைக்காட்சியில் செனட்டர் மெக்கார்த்தியைப் பற்றிய நிகழ்ச்சி, பாருங்கள் என்பதுதான் சங்கதி. நிகழ்ச்சி சிபிஎஸ்ஸினுடையது, ஆனால் விளம்பரத்தில் சிபிஎஸ்ஸின் கண் முத்திரையைக் காணோம். நிறுவனம் பணம் தராததால், நிகழ்ச்சியை நடத்திய எட்வர்ட் மர்ரோவும் தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரெண்ட்லியும் சுமார் 1500 டாலர் கைக்காசு போட்டார்கள். முதலாளியின் சரக்கை ஊரறியச் செய்யச் சொந்தப் பணத்தை இறைத்த சம்பளக்காரர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

நிகழ்ச்சியும் சாமர்த்தியமானதுதான். ‘கம்யூனிஸ்ட்’ என்று மெக்கார்த்தி விரல் நீட்டினால் பிழைப்பு போய்விடும் என்று அமெரிக்காவே பயந்துகிடந்த காலம். மர்ரோ அவரைத் திட்டவில்லை. அவர் பேசிய படச்சுருள்களைத் தேடிக் கோத்து, அவரையே பேசவிட்டார்; நடுநடுவே புகுந்து, இது தவறு, உண்மை இது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தவளை தன் வாயால் கெடும் என்பதை நம்பி எடுத்த அரை மணி நேரம். மாற்றுக் கருத்தைத் துரோகம் என்று எண்ணிக் குழம்பக் கூடாது என்ற அவருடைய முடிவுரையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த டிசம்பரில் செனட் 67-க்கு 22 என்ற கணக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தது.

இதே மர்ரோ ‘பெர்சன் டு பெர்சன்’ நிகழ்ச்சியில் மர்லின் மன்றோ போன்ற நட்சத்திரங்களிடம் சிரித்துச் சிரித்து நலம் விசாரித்தவரும்கூட. உத்தமர்களுக்கும் வீட்டு வாடகை உண்டு.

எனக்குப் பிடித்த கட்டம் அதற்குப் பிறகு வருகிறது. 1960-ல் நன்றித் திருநாள் விருந்துக்கு மறுநாள், ‘ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்’ என்ற ஆவணப்படத்தில் மர்ரோ தோன்றினார். அந்த விருந்துக்கான காய்கறிகளைப் பறித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு அரைவயிறாக ஊர் ஊராக அலையும் கூலித் தொழிலாளர்களின் கதை. சில வாரங்களில் புதிய அதிபர் கென்னடி அவரை அமெரிக்கத் தகவல் முகமையின் தலைவராக்கினார். வெளிநாட்டார் கண்ணில் அமெரிக்காவை நல்லபடியாகக் காட்டும் உத்தியோகம். அந்த நேரம் பார்த்து பிபிசி அந்தப் படத்தை வாங்கிவிட்டது. வேண்டாம், போடாதீர்கள் என்று மர்ரோவே கேட்டுக்கொண்டார். தன் படத்தை, தானே.

பிபிசி போட்டது. விஷயம் வெளியே வந்து மானமும் போயிற்று.

மர்ரோவின் பக்தர்கள் இந்த இடத்தில் லேசாக இருமிவிட்டுக் கடந்துபோகிறார்கள். நான் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன். 1940-ல் குண்டு விழும்போது லண்டன் மொட்டைமாடிகளில் நின்று வானொலியில் பேசி, அந்நகரத்தின் துயரத்தை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோனவர் அவர். லண்டன் அவருக்குக் கடன்பட்ட ஊர். நன்றி மறந்தவர்கள் என்ற பெயர் வந்தாலும் பரவாயில்லை என்று பிபிசிக்காரர்கள் மறுத்தார்கள். 1963-ல் மர்ரோ அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம், பிறர் நம்ப வேண்டுமானால் நாம் உண்மை பேசியாக வேண்டும் என்றார். அந்த ஞானத்தில் லண்டன்காரர்களுக்கும் கொஞ்சம் பங்கிருக்கும் என்பது என் ஊகம்.

மெக்கார்த்தியை எதிர்க்கத் துணிச்சல் வேண்டும். கோபம் வந்தால் துணிச்சலும் கூடவே வந்துவிடும். மர்ரோவைப் போன்ற நல்ல மனிதர், வேண்டியவர், தயவாகக் கேட்கும்போது ‘முடியாது’ என்பதற்கு எந்தக் கோபமும் கைகொடுக்காது.