ஸ்நாப்ஷாட் எடுத்தாச்சு... அப்புறம்?

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்)

ஆண்டு மலருக்குக் கவிதை கொடு என்றுதான் கேட்டார்கள். நமக்குக் கவிதை வராது. காதலைப் பற்றி எழுத நம்ம வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். டேட்டாஸ்டோரைப் பற்றி எழுத யார் இருக்கா? அதான் நான் வந்துட்டேன்.

விர்ச்சுவல் மெஷினுக்கு ஸ்நாப்ஷாட் எடுப்பது போட்டோ பிடித்து வைப்பது மாதிரி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெயரே ஏமாற்றும் பெயர்! வி.எம்.வேரில் அந்த பட்டனை அழுத்தினால் டிஸ்க் நகல் எடுக்கப்படுவதே இல்லை. இருக்கிற டிஸ்க் ஃபைலில் எழுதுவது நிறுத்தப்படுகிறது. அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் டெல்டா என்கிற புது ஃபைலுக்குப் போகிறது.

எங்கம்மா வாசலில் இட்லி வியாபாரம் செய்கிறார். கடன் நோட்டு உண்டு. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். "இனி நோட்டில் கை வைக்காதே, மாற்றத்தை மட்டும் தனித்தாளில் எழுது" என்றால் எப்படி இருக்கும்? ஒருத்தர் பாக்கியைப் பார்க்க முதலில் தாளைப் புரட்டணும், அதில் இல்லாவிட்டால் நோட்டுக்குப் போகணும். தாளுக்கு மேல் தாள் சேர்ந்தால் தேடுவதற்குள் இட்லி ஆறிப்போகும். நோட்டே தொலைந்தால் தாளெல்லாம் குப்பை. ஸ்நாப்ஷாட் பேக்கப் ஆகாது என்பது இதனால்தான். சங்கிலியாக 32 வரை எடுக்கலாம், ஆனால் 2, 3 போதும், ஒன்றை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்று வி.எம்.வேரே சொல்கிறது.

ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மெஷின்களில் இன்னொரு வம்பு. விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசை எண் போடும். ஒன்றை மட்டும் பழைய ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்பினால் அது பழைய எண்களையே மறுபடி போடும். மற்றவை "இது ஏற்கெனவே வந்ததுதானே" என்று விட்டுவிடும். ஸ்நாப்ஷாட்டுக்குத் திருப்பப்பட்டதை டொமைன் கன்ட்ரோலரே தெரிந்துகொண்டு தற்காத்துக்கொள்ளும் வழி 2012 விண்டோஸ் சர்வரில்தான் வந்தது.

போன வருஷம் இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு ஒரு கம்பெனிக்குப் போனேன் (பேர் வேண்டாம்). மூன்று சர்வர் சேர்ந்த கிளஸ்டர், மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஸ்டோரேஜ். ஒரு சர்வர் படுத்தால் இன்னொன்று அதன் மெஷின்களை எழுப்பிவிடும் என்று பெருமையாகக் காட்டினார்கள். பில்லிங் மெஷினுக்கு அப்டேட் போடும்முன் யாரோ ஸ்நாப்ஷாட் எடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் அப்படியே கிடந்தது. டெல்டா ஃபைல் மூல டிஸ்க் அளவுக்கே வளரக்கூடியது. வளர்ந்தது! ஒரு சனிக்கிழமை காலை டேட்டாஸ்டோர் நிரம்பிவிட்டது. இதற்குச் சம்பந்தமே இல்லாத கூலிக் கணக்கு மெஷினும் அதே இடத்தில்தான் இருந்தது. அதன் டிஸ்க் எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும் வகை. இடம் இல்லை, நின்றுவிட்டது. மூன்று சர்வர் இருந்து என்ன? மூன்றும் பார்ப்பது அந்த ஒரே இடத்தைத்தானே!

வாசலில் லோடுமேன்கள் வாரக் கூலிக்கு நின்றார்கள். "சிஸ்டம் டவுன், திங்கட்கிழமை வாங்க" என்றார் ஒருவர். எங்கப்பாவும் மூட்டை தூக்குபவர்தான், வேறு ஊர் மண்டியில். சனிக்கிழமை கூலி வரலைன்னா ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். அந்த ஏ.சி. ரூமில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது.

உள்ளே ஒருவர், "டெலிட் பண்ணினா டேட்டா போயிடும், ரிவர்ட் பண்ணிடலாம்" என்றார். நம்ம பாலிடெக்னிக்கில் படித்த சீனியர் அண்ணன் அங்கே காண்ட்ராக்டில் இருக்கிறார். "வேண்டாம் சார்!" என்று கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். ரிவர்ட் செய்திருந்தால் மூன்று வார பில் அத்தனையும் காலி. டெலிட் என்பதுதான் டெல்டாவில் இருப்பதை மூல டிஸ்கில் சேர்க்கும் வேலை. இப்படிப் பேர் வைத்தவரை ஒருநாள் பார்க்கணும்!

ஆனால் ஓடுகிற மெஷினில் சேர்க்கும்போதும் புதிதாக எழுத இடம் வேண்டும். அண்ணன் பழைய ஐ.எஸ்.ஓ. ஃபைல்களை அழித்தார், அணைத்துக் கிடந்த ஒரு மெஷினை வேறு டேட்டாஸ்டோருக்கு நகர்த்தினார். பிறகு நின்றவற்றுக்கு 'ரீட்ரை' கொடுத்தார். கூலிக் கணக்கு எழுந்தபோது மணி நாலு. ஸ்நாப்ஷாட்டைச் சேர்க்கும் வேலை ராத்திரி வரை ஓடியது.

நாலு மணிக்கு வாசலில் எட்டிப் பார்த்தேன். லோடுமேன்கள் யாரும் இல்லை. கூலி திங்கட்கிழமைதான் கொடுத்தார்கள்.