அறையை அளந்த பிறகு குளிரூட்டி

யாழ்ப்பாணத்தில் குளிரூட்டி என்பது ஒரு காலத்தில் வங்கிகளிலும் நகைக்கடைகளிலும் மட்டும் காணக்கூடிய பொருளாக இருந்தது. இன்று ஒழுங்கைக்குள் இருக்கும் வீடுகளின் வெளிச்சுவர்களிலும் அந்த வெள்ளைப் பெட்டிகள் தொங்குகின்றன. இதனை ஆடம்பரம் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. முதியோரைப் பார்ப்பதற்காக வீடு வீடாகச் செல்லும் என் பணியில், சித்திரை வெய்யிலில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் படும் பாட்டைக் கண்டிருக்கிறேன். எழுந்து விறாந்தைக்கு வர முடியாது. மேலே சுழலும் விசிறி தள்ளுவதோ சூடான காற்று. அப்படிப்பட்ட ஓர் அறைக்குக் குளிரூட்டி தேவைதான். எந்த அளவில் தேவை என்பதைத்தான் எவரும் யோசிப்பதில்லை.

பெரும்பாலும் காசு வெளிநாட்டிலிருந்து வருகிறது. எதை வாங்குவது என்ற தீர்மானமும் அங்கிருந்தே வருகிறது. இங்கே இருந்து பெற்றோரைப் பராமரிக்கும் மகளுக்கு வருவது மாதாந்த மின்பட்டியல் மட்டும்தான். "அண்ணா பெரிசாய் வாங்கச் சொல்லிப்போட்டார் அக்கா, சின்னன் எண்டால் காணாதாம்" என்று ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னாள். அண்ணா இருப்பது ரொறன்ரோவில். அவரிலும் பிழை சொல்ல முடியாது. சுவரில் பொருத்தும் இதே வகை இயந்திரத்தை அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் பயன்படுத்துகிறார்கள். உறைபனி கொட்டும் இரவில் காணாமற் போய்விடக் கூடாது என்ற கவலையோடு அளவைத் தெரிவு செய்வார்கள். எங்களுக்குச் சூடாக்கும் வேலையே இல்லை. நுவரெலியாக்காரர் வேண்டுமானால் அதைப் பற்றி யோசிக்கலாம்.

கடையில் 9,000, 12,000, 18,000, 24,000 என்று சொல்லும் எண்கள் பி.ரி.யு. என்ற கணக்கு. ஒரு மணித்தியாலத்தில் அந்த இயந்திரம் அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வெளியே அகற்றும் என்பதையே அவை சொல்கின்றன. 12,000 என்றால் ஒரு தொன். இந்தத் தொன் இயந்திரத்தின் நிறையல்ல. ஐஸ் கட்டி விற்ற காலத்துக் கணக்கு. 2,000 இறாத்தல் ஐஸ் 24 மணித்தியாலத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதே வேகத்தில் குளிரூட்டுவதுதான் ஒரு தொன்.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது காசோலை அல்ல, தையற் பெட்டியில் இருக்கும் அளவு நாடா. அறையின் உட்புற நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்குங்கள். சீலிங் அடித்த 10 அடிக்கு 12 அடி அறை, அதாவது 120 சதுர அடி என்றால், எமது காலநிலைக்கு 9,000 பொதுவாகப் போதும். 150 சதுர அடி அளவில் 12,000 பற்றி யோசிக்கலாம். இது அண்ணளவான கணக்குத்தான். மேற்குச் சுவரில் பின்னேர வெய்யில் நேராக விழுந்தால் சற்றுக் கூட வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு வேம்பு நின்றால் குறையலாம். எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்பதும் கணக்கு. நித்திரையில் இருக்கும் மனிதர்கூட ஏறத்தாழ 70 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறார். நான்கு பேர் படுத்தால் பழைய மஞ்சள் குமிழ்கள் நான்கை விடிய விடிய எரியவிட்டது போலத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கூரை. எங்களுடைய பழைய வீடுகள் காற்று வந்து போவதற்காகவே கட்டப்பட்டவை. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் நீக்கல், கதவுக்கு மேலே காற்றுத் துவாரம், யன்னலில் மரச்சட்டங்கள். நல்ல கட்டட அறிவுதான், ஆனால் குளிரூட்டிக்குப் பகை. சீலிங் இல்லாமல் சீற்றுக் கூரையின் கீழே எந்த அளவு இயந்திரத்தைப் பூட்டினாலும், கிணற்றுத் தண்ணீரை ஓட்டைச் சட்டிக்குள் இறைத்த கதைதான்.

சரி, பெரிதாக வாங்கினால் கெதியாகக் குளிரும்தானே என்று கேட்கலாம். கெதியாகக் குளிரும், அதுதான் கரைச்சல். குளிரூட்டிக்கு இரண்டு வேலை. வெப்பத்தைக் குறைப்பது ஒன்று, காற்றிலுள்ள ஈரத்தை நீராக வடிப்பது மற்றையது. ஈரம் வடிய இயந்திரம் தொடர்ந்து ஓட வேண்டும். அளவுக்கு மிஞ்சியது சில நிமிடங்களில் அறையைக் குளிராக்கிவிட்டு நின்றுவிடும். பிறகு ஓடும், பிறகு நிற்கும். குளிர் இருக்கும், ஈரமும் இருக்கும். தலையணை ஈரலிக்கும், நாளடைவில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அடிக்கடி ஓடி நிற்பதால் கொம்பிரசரும் கெதியாகத் தேயும். இன்வேர்ட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. மறுபக்கம், மிகச் சிறியதை வாங்கினால் அது இரவு முழுவதும் மூச்சுவாங்கி ஓடியும் அறை குளிராது.

நான் சொன்ன தங்கச்சி, பாரிசவாதத்தில் விழுந்த தாயைத் தனியாகப் பார்ப்பவள். தையல்தான் வருமானம். தாயின் அறை 10 அடிக்கு 11 அடி, மேலே சீற்றுக் கூரை. கடையில் 24,000 இற்கு விலை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அறையின் அளவை ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் இருவருமாக நாடாவைப் பிடித்து அளந்தோம். அன்றிரவு அவளே அண்ணாவுடன் கதைத்தாள். "பில்லு நான்தானே அண்ணா கட்டுறது" என்று அவள் சொன்ன பிறகு மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லையாம். முடிவில் 9,000 இன்வேர்ட்டர் ஒன்றை வாங்கினார்கள். மிஞ்சிய காசில் சீலிங் அடித்து, காற்றுத் துவாரங்களுக்குக் கண்ணாடி போட்டார்கள். இன்வேர்ட்டருக்கு விலை சற்றுக் கூடத்தான். ஆனால் ஒவ்வொரு இரவும் ஓடப்போகும் இயந்திரத்தில் அந்த மிச்சம் பிடிப்பது கெட்டித்தனமல்ல.

பட்டியலையும் கணக்குப் பார்க்கலாம். சாதாரண 9,000 இயந்திரம் ஓடும்போது ஏறத்தாழ 0.8 கிலோவாற்று இழுக்கும். 24,000 இரண்டு கிலோவாற்றுக்கு மேல். இரவு எட்டு மணித்தியாலம் நிற்காமல் ஓடினால் சிறியது 6.4 அலகு, மாதத்தில் 192 அலகு. இடையிடையே நிற்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். இன்வேர்ட்டர் என்றால் இன்னும் குறையும். இருந்தாலும், மாதம் 60 அலகுக்குள் சீவித்த வீட்டிற்கு இது பெரிய ஏற்றம். அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும் முறையல்லவா எங்களுடையது! 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் உயர்ந்தபோது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 18 பாகையில் வைத்துவிட்டுப் போர்வையால் மூடிப் படுப்பதைவிட, 26 இல் வைத்து விசிறியை மெதுவாகச் சுழலவிடுவது முதியவர்களின் உடம்புக்கும் இதமாக இருக்கும்.

பூட்டும்போது பிரதான பலகையிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் கேளுங்கள். வெளிப்பெட்டி நிழலில் இருக்கட்டும்; கடற்கரைப் பக்கத்து வீடென்றால் உப்புக்காற்று நேரே படாத சுவராகப் பார்ப்பது நல்லது. உள்ளே இருக்கும் வடிகட்டியை இரண்டு கிழமைக்கொரு தடவை கழுவுங்கள், அதற்கு எவருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. முதல் ஒரு கிழமைக்குப் படுக்கப் போகும்போதும் விடிய எழும்பியதும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் குறித்து வாருங்கள். மாதமுடிவில் என்ன வரும் என்பது ஏழாம் நாளே தெரிந்துவிடும்.